வெறுமனே திரும்பிய சம்படம்

கடல் சுவர் கட்டி முடித்த வருஷத்திலிருந்து, சென்னையில் மூச்சு விடுவதற்கே வரி என்று ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். அது கொஞ்சம் மிகைதான். மூச்சுக்கு வரி கிடையாது. அந்த மூச்சை விடுகிற சதுர அடிக்குத்தான் வரி. சுவருக்கு இந்தப் பக்கம் காய்ந்த தரையில் படுத்துத் தூங்குகிற ஒவ்வொருவரும் மாதம் பிறந்தால் சுவர்க் கட்டணம் கட்ட வேண்டும். முடியாதவர்கள் நகரவாசி அட்டையை ஒப்படைத்துவிட்டு உள்நாட்டு ஊர் எதற்காவது போய்விடலாம். போகலாம், திரும்பி வர முடியாது. ஒப்படைத்த அட்டையை அரசாங்கம் மறுபடி கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

திலகவதி மாம்பலத்தில் பதினேழாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுத் துளைத்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டதால் அந்தத் தொல்லை தானாகவே தீர்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஒரு செவித்திறன் மையத்தில் காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துகிற வேலை. ஜூன் மாதம் ஓய்வு பெற்றாள். வருகிற ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் சுவருக்கே போய்க்கொண்டிருந்தது. அடுத்த மாதம் கட்டணம் இன்னொரு படி ஏறப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். முப்பதாம் தேதிக்குள் இருப்பதா போவதா என்று சொல்லியாக வேண்டும்.

புதுக்கரை என்ற நிறுவனத்திலிருந்து நவநீதன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, நாற்பது வயது, எதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிற முகம்.

"கரூர்ல நம்ம குடியிருப்பு இருக்கு மேடம். ரெண்டு அறை, தனி வாசல், பின்னாடி துணி காயப்போட இடம். இங்க நீங்க சுவருக்குக் கட்டறதுல பாதி போதும், அங்க மகாராணி மாதிரி இருக்கலாம்."

"கரூர்ல எனக்கு யாரைத் தெரியும் தம்பி?"

"எல்லாரும் கேக்கற கேள்விதான். அதுக்குத்தான் பதிலி வச்சிருக்கோம்." அவன் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "நீங்க கரூர் போயிடுவீங்க. உங்க பதிலி சென்னையிலேயே இருக்கும். உங்க குரல், உங்க பேச்சு, உங்க ஞாபகம் எல்லாம் அதுக்குக் கத்துக்கொடுத்துடுவோம். யார் போன் பண்ணாலும் அதுவே பேசும். பொறந்தநாளைக்கு வாழ்த்துச் சொல்லும். குடியிருப்போர் கூட்டத்துல தண்ணி வரலன்னு சண்டைகூடப் போடும். இங்க உங்க பேர், பழக்கவழக்கம் எதுவும் அறுந்து போகாது. வாரா வாரம் யார் என்ன பேசினாங்கன்னு உங்களுக்கு நாலு வரியில சுருக்கம் வரும்."

"பேசறது நான் இல்லைன்னு அவங்ககிட்டச் சொல்லிடுமா?"

"அது ஒப்பந்தம் போடறவங்க இஷ்டம் மேடம். பெரும்பாலானவங்க சொல்ல வேணாம்னுதான் எழுதறாங்க."

திலகவதி சிரித்தாள். "தம்பி, முப்பத்திரண்டு வருஷம் நான் குரலோடதான் குடித்தனம் பண்ணியிருக்கேன். ஒரு ஆள் பேசறானா மிஷின் பேசுதான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம்," என்றான் நவநீதன், மரியாதை குறையாமல்.

அவள் நகரத்தை விட்டுப் போகாமல் இருந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதன் பெயர் சொர்ணம். பத்து வருஷத்துக்கு முன் சொர்ணம் காது மந்தமாகி மையத்துக்கு வந்தாள். திலகவதிதான் கருவி பொருத்தினாள். விலாசம் எழுதும்போது பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர் வாசல். சென்னையில் எதிர்வீட்டுக்காரியைத் தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது என்று அன்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் இரண்டு வாசலும் பகலில் சாத்தியதே இல்லை. சுவரைத் திறந்துவைத்த அன்று மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்த்தபோது சொர்ணம்தான் சொன்னாள், "நீ இங்க இருக்கிறவரைக்கும் நானும் இங்கதான்டி."

மூன்று வருஷத்துக்கு முன் சொர்ணம் மாதவரத்தில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும், ஒரே நகரம்தானே. மருமகளுக்கு வீட்டுக்கு யாரும் வந்தால் பிடிக்காது என்று சொர்ணம் சொன்னதால் திலகவதி போனதில்லை. திலகவதிக்கு மூட்டுவலி வேறு. ஆனால் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சொர்ணத்திடமிருந்து போன் வந்துவிடும். புதன்கிழமைதோறும் திலகவதி எதையாவது சமைத்து, தன் பெயர் பொறித்த எவர்சில்வர் சம்படத்தில் போட்டுப் பார்சல்காரனிடம் கொடுத்து அனுப்புவாள். வெள்ளிக்கிழமை சம்படம் திரும்பி வரும். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழமோ, ஒரு பிடி சுண்டைவற்றலோ, கொஞ்சம் கற்கண்டோ இருக்கும். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் நம்மில் யாருக்கும் கிடையாதே. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

நவநீதன் வந்துபோன அந்த வாரம் வெள்ளிக்கிழமை சம்படம் வந்தது. திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பளபளவென்று கழுவித் துடைத்து, மூடி இறுக்கி மூடி, வெறுமனே வந்திருந்தது.

திலகவதிக்கு முதலில் வந்தது பயம்தான். சொர்ணத்துக்கு உடம்புக்கு என்னவோ ஏதோ என்று நினைத்தாள். ஆறரை மணி எப்போது ஆகும் என்று காத்திருந்தாள்.

"சாப்பிட்டியாடி திலகா?"

அதே குரல். அதே கரகரப்பு. ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் இல்ல. சம்படம் வந்துச்சு."

"வந்துச்சா? நல்லா இருந்துச்சுடி, ஒரு வாய் மிச்சம் வைக்கல."

"என்ன அனுப்பியிருந்தேன், சொல்லு பார்ப்போம்?"

கண் இமைக்கிற நேரம். "நீ எது பண்ணாலும் எனக்கு அமிர்தம்தான். பரீட்சையா வைக்கிற எனக்கு?"

வழக்கமாக என்ன அனுப்பப்போகிறாள் என்று திலகவதி செவ்வாய்க்கிழமை போனிலேயே சொல்லிவிடுவாள். இந்த வாரம் நவநீதன் பேச்சில் சொல்ல மறந்துபோயிருந்தது. திலகவதி போனை வைத்தாள். அவள் மனசில் ஒரு எண்ணம் தலைகாட்டியது. அதைத் தலையில் தட்டி உட்காரவைத்தாள். அது உட்காரவில்லை.

மறுநாள் ஆறரை மணிக்குப் போன் மணி அடித்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். போனை மிக்சிக்குப் பக்கத்தில் வைத்து, ஜாரில் ஒரு பிடி உளுத்தம்பருப்பைப் போட்டு, மூன்றாம் எண்ணுக்குத் திருகினாள். அந்தப் பழைய மிக்சி போடுகிற கூச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தக் கூச்சலுக்கு நடுவே, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"சொர்ணம், நான் கரூர் போயிடலாமான்னு பார்க்கிறேன்."

"கரூரா? அங்க எதுக்குடி போற? வெயில் பொசுக்கிடும்," என்றது குரல், நிதானமாக, சத்தம் உயர்த்தாமல்.

திலகவதி மிக்சியை நிறுத்தினாள். 

சொர்ணமாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "என்ன? என்ன? எதையோ அரைக்கிற, ஒரு எழவும் கேக்கல, நிறுத்துடி முதல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பாள். நல்ல காது உள்ளவனே இரைச்சலில் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். சொர்ணத்துக்கோ இடது காது முழுசாகவே போய்விட்டது. அமைதியான அறையில்கூட ஒரு பேச்சுக்கு இரண்டு "என்ன?" இல்லாமல் அவளால் முடியாது.

கடைசியாக எப்போது அந்த "என்ன?"வைக் கேட்டோம் என்று திலகவதி யோசித்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்போது சொர்ணத்தின் கருவியைப் பார்சலில் வரவழைத்து, இரண்டு நாள் மெனக்கெட்டு மறுபடி அளவு பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து "என்ன?" நின்றுபோனது. எவ்வளவு பூரித்துப் போனாள்! மையத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டாள். "நான் பொருத்தின மிஷின், ஒரு சொல்லுகூடத் தப்பறதில்ல அவளுக்கு." முப்பத்திரண்டு வருஷத்து அனுபவம் கடைசியில் இந்த லட்சணத்தில் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவள் தன் கைராசி என்று நினைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, மூட்டுக்குப் பட்டி கட்டிக்கொண்டு மாதவரத்துக்குப் போனாள். பார்சலில் எழுதுகிற அந்த விலாசத்தில் வீடு இல்லை. பெரிய தகரக் கூரை போட்ட கிடங்கு இருந்தது. வாசலில் புதுக்கரையின் பெயர்ப்பலகை.

உள்ளே கணினி முன் உட்கார்ந்திருந்த பெண் மறைக்கவெல்லாம் இல்லை. "பதிலி வச்சிருக்கறவங்க பேர்ல வர்ற பார்சல் எல்லாம் இங்கதான் வரும்மா. கெட்டுப்போகாத பொருளா இருந்தா அவங்க ஊருக்கு அனுப்பிடுவோம். சாப்பாடுன்னா அழிச்சிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பணும்."

"அழிச்சிட்டுன்னா?"

"குப்பையில போடறதுதான்."

"இத்தனை நாள் பாத்திரத்துல ஏதாவது போட்டு வருமே. எலுமிச்சம்பழம், கற்கண்டு..."

அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஓ, நீங்கதானா அது? அருளப்பன் அண்ணன் பண்ண வேலை. திரும்பிப் போற பாத்திரத்துல எடை கூடுதுன்னு புதுசா வந்த தராசு காட்டிக் கொடுத்துடுச்சு. அவரை இப்ப வாசல்ல வண்டி எண்ண விட்டிருக்காங்க."

அருளப்பன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர்; நரைத்த மீசை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. திலகவதி பையிலிருந்து சம்படத்தை எடுத்து நீட்டியதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார் முதல் வார்த்தையாக.

"எதுக்குண்ணே?"

"முதல் தடவை குப்பையில போடத்தான் தொறந்தேன். வாசனை ஆளைத் தூக்கிடுச்சு. வீட்டுக்காரி போனதுலருந்து எனக்கு வாய்க்கு ருசியா சமைச்சுப்போட ஆளில்ல. தின்னுட்டேன். தின்னுட்டு வெறும் பாத்திரத்தை எப்படிம்மா அனுப்புறது? கையில எலுமிச்சம்பழம் இருந்துச்சு, வச்சேன். அப்படியே ஒவ்வொரு வாரமும் பழக்கமாயிடுச்சு."

"மூணு வருஷமாவா?"

"புதன்கிழமைன்னா நான் சோறு மட்டும்தான் கொண்டாருவேன்."

திலகவதிக்குக் கோபம் வந்தது. உடனே அந்தக் கோபம் யார்மேல் என்று தெரியாமல் போயிற்று. ஏமாற்றியவர்கள் எத்தனையோ பேர். இந்த மனிதர் ஒருவர்தான் சாப்பிட்டுவிட்டுப் பதில் மரியாதை செய்திருக்கிறார். கடைசியில் அவள் கேட்டது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"உப்பு, காரம் எல்லாம் சரியா இருந்துச்சாண்ணே?"

"எல்லாம் நல்லா இருக்கும்மா. போன மார்கழியில ஒரு வத்தக்குழம்பு, அதுல மட்டும் புளி கொஞ்சம் தூக்கல்."

புளி தூக்கலாகத்தான் போயிருந்தது. அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு ஆறரை மணிக்கு அந்தக் குரல், "குழம்பு அருமைடி" என்று சொல்லியிருந்தது.

"அந்தம்மா எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அருளப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "சொல்லக்கூடாது. ஆனா ஒரு காது மிஷின் பார்சல் நான்தான் கையால விலாசம் எழுதி அனுப்பினேன். கரூர், ஆறாவது வரிசை, நாற்பத்திரண்டு. எங்கம்மா பொறந்தநாள் ஆறு, தம்பி செத்தப்ப அவனுக்கு நாப்பத்திரண்டு. அதான் மறக்கல."

அன்று சாயங்காலமே நவநீதனைக் கூப்பிட்டு, வீடு பார்க்க வேண்டும் என்றாள். குடியேற யோசிப்பவர்களை நிறுவனமே ஒருநாள் பஸ்ஸில் அழைத்துப்போய்க் காட்டுவது உண்டு. வியாழக்கிழமை பஸ்ஸில் இடம் இருக்கிறது என்றான்.

"நவநீதன், இப்ப பேசறது நீங்கதானா?"

"மதியம் வரைக்கும் நானேதான் மேடம்," என்றது குரல். "சாயங்காலம் பதிலிகிட்ட விட்டுடுவேன். ஆனா வியாழக்கிழமை இடம் உறுதி."

கரூரில் வெயில் உண்மையிலேயே பொசுக்கியது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வரிசை வரிசையாக. வேப்பங்கன்றுகள் இன்னும் ஆள் உயரம்கூட வளரவில்லை. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு அமைதியைத் திலகவதி பார்த்ததில்லை. வாசலில் நின்று பேசுகிறவர்கள் யாரும் இல்லை. இவர்களுடைய பேச்செல்லாம் சென்னையில் நடந்துகொண்டிருந்தது.

மாதிரி வீட்டைக் காட்டிய பெண்ணிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆறாவது வரிசைக்கு நடந்தாள். பையில் சம்படம், அதில் காலையில் செய்த கத்தரிக்காய் கொத்சு. நாற்பத்திரண்டாம் எண் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள்.

கதவு திறந்தது. சொர்ணம் இளைத்திருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. வலது காதில் கருவி இல்லை.

"யாரு?" என்றாள். அப்புறம் அவள் முகம் மாறியது.

"சொர்ணம்," என்றாள் திலகவதி.

"என்ன?"

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் திலகவதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்தது வாசலில் வந்து நின்றதுபோல இருந்தது.

உள்ளே போய் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மனசுக்குள் வைத்துப் புழுங்கி, வழியெல்லாம் மெல்லக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்ததை அவள் ஊரைக் கூட்டுகிற குரலில்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லாம வந்தே?"

"என்ன?"

"ஏன்டி சொல்லாம வந்தேன்னு கேட்டேன்!"

பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்து மறைந்தது.

"மகன் மஸ்கட் போயிட்டான்," என்றாள் சொர்ணம். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாமல் அவளும் கத்தினாள். "கட்டணம் கட்ட வழியில்ல. நீ இருக்கிறவரைக்கும் இருப்பேன்னு சொன்னவ நான். முதல்ல கிளம்பறவளும் நானே ஆயிட்டேன். உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல."

"அதுக்காக மிஷினை விட்டுப் பேசச் சொன்னியா?"

"முதல் வருஷம் வெள்ளிக்கிழமை எல்லாம் நான்தான்டி பேசினேன்! மத்த நாள் அது பேசினதையும் ஒண்ணுவிடாம உட்கார்ந்து கேப்பேன். நீ சிரிக்கிறதைக் கேக்கறதுக்காகவே ரெண்டு தடவை போட்டுக் கேப்பேன்." சொர்ணம் நிறுத்தினாள். அவள் வாய் கோணிக்கொண்டு போனது. "அப்புறம் நீயும் அதையேதானே பண்ணே?"

"நான் என்ன பண்ணேன்?"

"ஒரு வாரம் சுருக்கம் வந்துச்சு. கீழ எழுதியிருந்தான், எதிர்முனையில் பேசுவதும் பதிலியேன்னு. அன்னிக்கு நான் சாப்பிடல. சரி, அவளும் எங்கயோ போயிட்டா, எனக்கு ஒரு மிஷினை வச்சிட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். ரெண்டு மிஷினும் பேசிக்கட்டும், நமக்கென்னன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல, சுருக்கத்தைக்கூடப் பிரிக்கல."

திலகவதிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு மூட்டு ஆபரேஷன் நடந்துச்சு."

"என்ன?"

"ஆபரேஷன்! மூட்டுல!" தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "உனக்குத் தெரிஞ்சா கவலைப்படுவேன்னு சொல்லல. போனுக்குப் பதில் பேச ஆஸ்பத்திரியிலேயே ஒரு பதிலி கொடுத்தான். சரின்னு கையெழுத்துப் போட்டேன். பன்னெண்டு நாள். வெறும் பன்னெண்டே நாள்!"

சொர்ணம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு நாளா?" என்றாள், இந்தத் தடவை சத்தம் இல்லாமல். "நான் ரெண்டு வருஷம்னு நினைச்சேனே."

வெளியே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சொர்ணத்துக்கு அது கேட்கவில்லை. திலகவதி அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று. ஒருத்தி வெட்கத்தில், இன்னொருத்தி தோழி கவலைப்படக்கூடாது என்று, ஒருவருக்கொருவர் மறைத்து, அந்த மறைப்புக்கு நடுவில் இரண்டு வருஷத்தைத் தொலைத்திருந்தார்கள். ஆறரை மணிக்குத் தவறாமல் கூப்பிட்டது என்னவோ அந்த மிஷின்தான். அதைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"மிஷின் எங்க? ஏன் போடல?" காதைத் தொட்டுக் காட்டினாள்.

சொர்ணம் கையை விரித்தாள். 

அப்புறம் கொத்சுவைத் தட்டில் ஊற்றிக்கொண்டு வந்து, அவள் எதிரிலேயே சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை, வழித்துச் சாப்பிட்டாள். சமையலறைக்குப் போய்ச் சம்படத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழுவினாள். வந்து மூடிய சம்படத்தைத் திலகவதியின் பைக்குள் வைத்து, பையை அவள் கையில் கொடுத்தாள்.

நாலு மணிக்கு பஸ். வாசல்வரை வந்தாள் சொர்ணம். "வந்துடுடி" என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று திலகவதி வாசலில் நின்று பார்த்தாள். அவள் சொல்லவில்லை. "முட்டியைப் பார்த்துக்கோ," என்றாள். அவ்வளவுதான். கோபமா, வெட்கமா, இல்லை பழகிப்போன தனிமையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம். கரூர் பின்னால் போயிற்று. திலகவதி பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கரூருக்குப் போனால் ஆறாவது வரிசையில் தன்னைக் கூப்பிடக்கூட விரும்பாத ஒருத்தி. சென்னையிலேயே இருந்தால் பதினேழாவது மாடியும் ஆறரை மணிக் குரலும், கட்டணம் கட்ட முடிகிற வரைக்கும். இரண்டும் ஒரே தனிமைதான்; ஒன்றுக்கு விலை அதிகம், அவ்வளவே வித்தியாசம். பை லேசாக இருந்தது. சம்படம் வெறுமனேதான் வருகிறது என்று நினைத்தாள். திறந்து பார்க்கத் தைரியம் இல்லை.

ஆறரைக்குப் போன் அடித்தது. எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்தும் கை பழக்கத்தில் எடுத்துவிட்டது.

"சாப்பிட்டியாடி திலகா? எங்கயோ வெளியில இருக்கே போல?"

"ஆமா. பஸ்ல இருக்கேன்."

"வயசான காலத்துல எதுக்குடி இப்படி அலையற?"

அந்தக் குரலில் இருந்த கரிசனம் அச்சு அசலாகச் சொர்ணத்தினுடையது. உண்மைச் சொர்ணம் சொல்லாததை எல்லாம் இது சொல்லும். அப்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியில் இருந்த பைக்குள் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பஸ்ஸின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. திலகவதிக்குக் கேட்டது.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சம்படத்தை எடுத்தாள். மூடியைத் திருகினாள். உள்ளே ஒரு பழைய வெள்ளைக் கைக்குட்டை நாலாக மடித்து வைத்திருந்தது. அதன்மேல் சொர்ணத்தின் காதுக் கருவி. பாட்டரி மூடி திறந்து கிடந்தது. பாட்டரி எப்போதோ செத்து, உள்ளே பச்சை பூத்திருந்தது. இரண்டு வருஷமாக அதை யாரும் காதில் வைக்கவில்லை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வீட்டில் எலுமிச்சம்பழம் இருந்திருக்கும், சர்க்கரை இருந்திருக்கும். சொர்ணம் வைத்தது இதை.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றது போன்.

திலகவதி உதடு மட்டும் அசைகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தினாள். "நான் பேசறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே. நீ பொருத்தின மிஷினாச்சே!"

"சரி," என்றாள் திலகவதி. "இத்தனை நாளும் கூப்பிட்டியே, அதுக்கு நன்றி. வச்சிடறேன்."

நவநீதனைக் கூப்பிட்டாள். மணி ஆறரை தாண்டியிருந்ததால் பேசியது அவனுடைய பதிலியாகத்தான் இருக்க வேண்டும். பரவாயில்லை, குறித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

"அட்டையை ஒப்படைக்கிறேன்னு எழுதிக்கோங்க. கரூர். ஆறாவது வரிசையில வீடு காலி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அஞ்சு, ஏழு, பக்கத்துல எதுவானாலும் சரி."

"ரொம்ப சந்தோஷம் மேடம். பதிலி எத்தனை வருஷத்துக்குப் போடட்டும்?"

"வேண்டாம்."

"சென்னையில உங்களைத் தேடறவங்க யாராவது இருந்தாங்கன்னா கஷ்டப்படுவாங்க மேடம்."

"ஒருத்தர் இருக்கார்," என்றாள் திலகவதி. "புதன்கிழமை நானே நேர்ல போய்ச் சோறு கொடுத்துச் சொல்லிட்டு வந்துடறேன்."

போனைப் பையில் போட்டாள். கருவியைக் கைக்குட்டையின் ஓரத்தால் துடைத்தாள். பச்சை போகவில்லை; அதற்குச் சுத்தம் செய்கிற திரவம் வேண்டும், சின்ன பிரஷ் வேண்டும், இரண்டு மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் உட்கார வேண்டும். அதைத் திரும்பச் சம்படத்துக்குள் வைத்து மூடி, பஸ் குலுக்கலில் உருளாமல் இருக்க மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.